ஒரு ஓட்டில் ஜெயித்த சர்தார்!



உங்கள் வகுப்பில் லீடர் தேர்தல் நடந்திருக்கிறதா? நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் என் வகுப்பில் நடத்துவேன். துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி, நாலாக மடித்து, சாக்பீஸ் டப்பாவில் போட வேண்டும். ஒரு வருடம் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மாணவன் ஜெயித்தான். மற்ற பையன்கள் விடுவார்களா? ஒரு ஓட்டில் ஜெயித்ததெல்லாம் ஒரு ஜெயிப்பா என்று கேலி செய்தார்கள். பாவம், ஜெயித்தவன் தோற்றவனைப் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை அந்த வகுப்புக்குச் சொன்னேன். இன்று அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் யார் தெரியுமா? சர்தார் வல்லபபாய் படேல். இந்தியாவின் இரும்பு மனிதர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு சேர்த்தவர் என்று சமூக அறிவியல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், அவருடைய பொதுவாழ்க்கை எங்கே தொடங்கியது என்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது. டெல்லியில் அல்ல. பெரிய மாநாட்டு மேடையிலும் அல்ல. ஒரு நகரசபைத் தேர்தலில், சாக்கடையையும் குப்பையையும் குடிதண்ணீரையும் கவனிக்கிற வேலையில் தொடங்கியது!

விவசாயி வீட்டுப் பிள்ளை

குஜராத்தில் உள்ள நடியாத் என்ற ஊரில் 1875-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி வல்லபபாய் பிறந்தார். சொந்த ஊர் கரம்சத் என்ற கிராமம். அப்பா ஜவேர்பாய் ஒரு விவசாயி. அம்மா பெயர் லாட்பாய். வீட்டில் நிறையப் பிள்ளைகள். வருமானமோ குறைவு.

வல்லபபாய் மெட்ரிகுலேஷன் தேறியபோது அவருக்கு வயது 22. நம் வீட்டில் 22 வயதுக்குள் பட்டமே வாங்கிவிடுகிறார்கள் அல்லவா? அதற்காக அவர் வெட்கப்படவில்லை. இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய கனவு. கையில் காசு இல்லை. அதனால் என்ன செய்தார்? தெரிந்த வக்கீல்களிடம் சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கி, தானே படித்து, 1900-இல் மாவட்ட வக்கீல் தேர்வில் தேறினார். கோத்ரா என்ற ஊரிலும், பிறகு போர்சத் என்ற ஊரிலும் தொழில் செய்தார்.

கோத்ராவில் இருந்தபோது அந்த ஊரில் பிளேக் நோய் பரவியது. இது எலிகளாலும், எலிகள் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிகளாலும் பரவும் கொடிய நோய். வல்லபபாயையும் அது பிடித்துக்கொண்டது. மனைவிக்கும் தொற்றிவிடக் கூடாது என்று அவரைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு, தான் தனியாக வேறு ஊரில் தங்கிக் குணமானார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே. பின்னால் தேவைப்படும்.

சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். 1905-இல் கப்பல் பயணத்துக்கான ஏற்பாடும் செய்துவிட்டார். அதற்கான கடிதம் வி.ஜே. படேல் என்ற பெயருக்கு வந்தது. அவருடைய அண்ணன் விட்டல்பாயும் வக்கீல். அவர் பெயரும் வி.ஜே. படேல்தான்! கடிதம் அண்ணன் கையில் கிடைத்தது. மூத்தவன் நான் முதலில் போய் வருகிறேனே என்று அண்ணன் கேட்டார். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. அண்ணனை அனுப்பிவைத்தார். செலவையும் ஏற்றுக்கொண்டார். தான் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் பெரிய துயரம் ஒன்று வந்தது. 1909-இல் அவருடைய மனைவி ஜவேர்பா பம்பாய் மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தத் தந்தி வந்தபோது வல்லபபாய் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கில் வாதாடிக்கொண்டிருந்தார். தந்தியைப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கட்சிக்காரரின் உயிர் தன் வாதத்தில் இருக்கிறது என்பதால், வேலையை முடித்த பிறகுதான் செய்தியை மற்றவர்களிடம் சொன்னார். மகள் மணிபென், மகன் டாயாபாய் இருவரும் அப்போது சின்னக் குழந்தைகள்.

1910-இல் லண்டன் சென்றார். புத்தகம் வாங்கப் பணம் போதவில்லை. தினமும் மைல் கணக்கில் நடந்து நூலகத்துக்குப் போய்ப் படித்தார். 36 மாதப் படிப்பை 30 மாதத்தில் முடித்து, இறுதித் தேர்வில் முதலிடமும் பெற்றார். 1913-இல் ஊர் திரும்பி, அகமதாபாத் நகரில் பாரிஸ்டராகத் தொழில் தொடங்கினார்.

சீட்டாட்ட மேஜையிலிருந்து...

அகமதாபாத் சபர்மதி ஆற்றங்கரையில் 1411-இல் உருவான பழைய நகரம். அந்தக் காலத்தில் நகரைச் சுற்றிக் கோட்டை மதில் இருந்தது. உள்ளே குறுகலான தெருக்கள். நெருக்கமான வீடுகள். வெளியே வரிசையாகப் பஞ்சாலைகளின் புகைபோக்கிகள். வேலை தேடி வந்த ஜனங்களால் ஊர் நிரம்பி வழிந்தது. இரண்டு லட்சம் பேருக்கு மேல் வசித்தார்கள். தண்ணீர் போதவில்லை. எல்லாத் தெருவுக்கும் சாக்கடை வசதி இல்லை. அடிக்கடி நோய் வந்தது.

பாரிஸ்டர் படேல் இதையெல்லாம் கவனித்தாரா? அப்போது இல்லை! கோட்டு, சூட்டு, தொப்பி என்று மிடுக்காக உடுத்துவார். மாலையானால் குஜராத் கிளப்புக்குப் போய்ப் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் ஆடுவார். அதில் அவர் கெட்டிக்காரர். 1915-இல் காந்தியடிகள் அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கினார். ஒருமுறை அவர் கிளப்புக்கு வந்து பேசியபோதுகூட, நம் பாரிஸ்டர் சீட்டை விட்டு எழுந்து வரவில்லை. கேலியும் செய்தார்.

அப்படிப்பட்டவர் எப்படித் தேர்தலுக்கு வந்தார்?

அகமதாபாத் நகரசபைக்கு ஆங்கில அரசு ஷில்லிடி என்ற வெள்ளைக்கார அதிகாரியைக் கமிஷனராக நியமித்திருந்தது. அவர் நகரசபை உறுப்பினர்களை மதிப்பதில்லை. வைத்ததே சட்டம் என்று நடந்துகொண்டார். எதிர்த்துக் கேட்கச் சட்டம் தெரிந்த, பயமில்லாத ஒருவர் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் யோசித்தார்கள். பாரிஸ்டர் படேலைத் தேடி வந்தார்கள். நண்பர்களும் வற்புறுத்தினார்கள். அவர் சம்மதித்தார்.

ஒரே ஒரு ஓட்டு!

நகரசபைத் தேர்தல் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நகரத்தைப் பல வார்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வார்டிலிருந்தும் மக்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். கவுன்சிலர் என்கிறோமே, அவர்தான். எல்லா உறுப்பினர்களும் கூடி, வரிப்பணத்தில் எந்தத் தெருவுக்குக் குழாய், எங்கே சாக்கடை, எங்கே பள்ளிக்கூடம் என்று முடிவு செய்வார்கள்.

இன்று 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு உண்டு. 1917-இல் அப்படி இல்லை. சொத்து, வரி என்று பல நிபந்தனைகள் இருந்தன. ஏழைத் தொழிலாளிக்கு ஓட்டு இல்லை. ஆகவே ஒரு வார்டில் ஓட்டுப் போடுகிறவர்கள் மிகச் சிலரே.

1917 ஜனவரியில் தரியாபூர் என்ற வார்டில் நடந்த இடைத்தேர்தலில் படேல் வேட்பாளராக நின்றார். ஓட்டுகளை எண்ணினார்கள். அவர் ஜெயித்துவிட்டார். எத்தனை ஓட்டு வித்தியாசம் தெரியுமா? ஒன்றே ஒன்று!

யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் வெயிலாக இருக்கிறது, நான் ஒருவன் போகாவிட்டால் என்ன என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால்? படேல் ஜெயித்திருக்க மாட்டார். ஒருவேளை கோபித்துக்கொண்டு சீட்டாட்ட மேஜைக்கே திரும்பிப் போயிருந்தாலும் போயிருப்பார். அந்த ஒரு ஓட்டைப் போட்டவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது!

கதை அதோடு முடியவில்லை. தோற்றவர் தரப்பில் வழக்குப் போட்டார்கள். அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. படேல் என்ன செய்தார்? பாரிஸ்டர் ஆயிற்றே, கூச்சல் போட்டாரா? இல்லை. சட்டம் சொன்னபடி பதவியை விட்டார். அதே ஆண்டில் மறுபடியும் வேட்பாளராக நின்றார். இந்த முறை அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. போட்டியின்றி உறுப்பினர் ஆனார்.

ஒரு ஓட்டில் ஜெயித்தபோது அவர் கூசவில்லை. ஜெயித்ததை இழந்தபோது சோரவும் இல்லை.

உள்ளே போனதும் முதல் வேலையாகக் கமிஷனரின் கோப்புகளைப் பார்த்தார். ஒவ்வொரு தாளாகப் படித்தார். எங்கே விதி மீறப்பட்டது என்று குறித்துக்கொண்டார். சபையில் சத்தம் போடவில்லை. ஆதாரங்களை வரிசையாக அடுக்கித் தீர்மானம் கொண்டுவந்தார். கடைசியில் அரசு அந்த அதிகாரியை அங்கிருந்து அகற்ற வேண்டியதாயிற்று.

ஊரே ஓடியபோது

படேலுக்கு நகரசபையில் சுகாதாரக் குழுவின் தலைவர் பொறுப்புக் கிடைத்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறதா? உண்மையில் அது சாக்கடை, குப்பை, கழிவறை இவற்றைக் கவனிக்கிற வேலை. பெரிய வீட்டு ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப்போகிற வேலை.

அந்த 1917-ஆம் ஆண்டிலேயே அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. நீதிமன்றம் மூடப்பட்டது. வசதி உள்ளவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டார்கள். ஏழைகள் எங்கே போவார்கள்?

படேலையும் போகச் சொன்னார்கள் நண்பர்கள். அவர் மறுத்துவிட்டார். பிளேக் என்றால் என்ன என்று தெரியாமல் மறுத்தவர் அல்ல அவர். கோத்ராவில் அந்த நோயில் விழுந்து எழுந்தவர். அது எப்படி இருக்கும் என்று அவர் உடம்புக்கே தெரியும். தெரிந்தும் இருந்தார். தினமும் தெருத் தெருவாக நடந்தார். சாக்கடையைச் சுத்தம் செய்கிறவர்களோடு நின்றார். மருந்து தெளிக்கிறார்களா என்று பார்த்தார். தலைவரே கூட நிற்கும்போது தொழிலாளர்கள் எப்படி விட்டுப் போவார்கள்? இப்படி அலைந்ததில் அவர் உடல்நிலையும் கெட்டது.

எனக்கு இந்த இடம்தான் அவர் வாழ்க்கையில் மிகவும் பிடிக்கும். ஓட்டுக் கேட்டு வீதியில் நடப்பது எளிது. ஜெயித்த பிறகு, நோய் பரவிய அதே வீதியில் நடப்பதுதான் கஷ்டம்.

அடுத்த ஆண்டு, 1918-இல், உலகத்தையே உலுக்கிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் அகமதாபாத்துக்கும் வந்தது. அப்போது தற்காலிக மருத்துவமனை ஏற்பாடு செய்வதில் முன்நின்றார். இதற்குள் காந்தியடிகளின் சம்பாரண் போராட்டத்தைக் கேள்விப்பட்டு, அவர் மனம் மாறியிருந்தது. கேடா மாவட்ட விவசாயிகளுக்காகக் காந்தியடிகளோடு போராடினார். கோட்டும் தொப்பியும் போயின. கதர் வேட்டி வந்தது. சீட்டாட்டமும் நின்றது.

நள்ளிரவு மழையில்...

ஒத்துழையாமை இயக்கம் நடந்தபோது, அகமதாபாத் நகரசபை தன் பள்ளிக்கூடங்களுக்கு அரசு உதவிப்பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கோபம் கொண்ட அரசு 1922-இல் நகரசபையையே கலைத்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் தேர்தல் வந்தது. படேலும் அவர் நண்பர்களும் திரும்பவும் மக்களிடம் போனார்கள். ஜெயித்து வந்தார்கள். 1924-இல் படேல் நகரசபைத் தலைவர் ஆனார்.

தலைவர் நாற்காலியில் அவர் செய்தவை, செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருகிற காரியங்கள் அல்ல. குடிநீர்த் திட்டத்தை விரிவாக்கினார். பாதாளச் சாக்கடையைப் புதிய பகுதிகளுக்குக் கொண்டுபோனார். வரி பாக்கி வைத்திருந்தவர்களிடம் கறாராக வசூலித்தார். வரி வராவிட்டால் குழாய் எப்படி வரும்? பெரிய மனிதர், வேண்டியவர் என்று பார்க்காததால் சிலருக்கு அவர் மேல் வருத்தம்தான். அவர் கவலைப்படவில்லை.

1927 ஜூலை மாதம். குஜராத்தில் பேய்மழை கொட்டியது. ஒருநாள் நள்ளிரவு. நகரசபைத் தலைவருக்குத் தூக்கம் வரவில்லை. தாழ்வான தெருக்களில் இருக்கும் வீடுகள் என்ன ஆயிற்றோ என்ற கவலை. எழுந்தார். கொட்டும் மழையில் தனியாக நடந்தே புறப்பட்டார். நகரத்தைச் சுற்றிப் பார்த்தார். நகரசபை இன்ஜினீயரை எழுப்பி அழைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கிய இடங்களில் வடிவதற்கு வழி செய்தார். பிறகு வெள்ளத்தில் வீடிழந்த கிராமங்களுக்குத் தொண்டர்களை அனுப்பி உணவும் விதையும் கிடைக்கச் செய்தார்.

வாசலில் கார் நின்றதா, கூடப் பத்துப் பேர் வந்தார்களா? ஒன்றும் இல்லை. ஊருக்குப் பொறுப்பானவர் தூங்க முடியாமல் எழுந்து நடந்தார். அவ்வளவுதான்.

சாக்கடையிலிருந்து சமஸ்தானங்கள் வரை

1928-இல் நகரசபைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டு பார்டோலி விவசாயிகள் மேல் அரசு நிலவரியை ஏற்றியபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கிப் போராடி வென்றார். சர்தார், அதாவது தலைவர் என்று மக்கள் அழைத்தது அப்போதுதான்.

1947-இல் இந்தியா விடுதலை அடைந்தது. படேல் துணைப் பிரதமராகவும் உள்துறை அமைச்சராகவும் ஆனார். சமஸ்தானங்களை ஒன்றுசேர்க்கும் பெரும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறீர்கள்? கோப்பை வரி விடாமல் படிப்பது, கணக்கைத் தெரிந்து பேசுவது, பெரிய மனிதர்களுக்குப் பயப்படாமல் இருப்பது, ஒத்துவராதவர்களிடமும் பொறுமையாகப் பேசிச் சம்மதிக்க வைப்பது. இவை அத்தனையையும் அவர் அகமதாபாத் நகரசபையில் பத்து வருடம் பழகியிருந்தார். சின்ன வேலையை ஒழுங்காகச் செய்தவர் கையில் பெரிய வேலை தானாக வந்து சேர்ந்தது.

1950 டிசம்பர் 15-ஆம் தேதி பம்பாயில் அவர் மறைந்தார். 2018-இல் குஜராத்தில் நர்மதை ஆற்றங்கரையில் அவருக்கு 182 மீட்டர் உயரச் சிலை திறக்கப்பட்டது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் குழந்தைகளே, எனக்கு அந்தச் சிலையைவிட, பிளேக் பரவிய தெருவில் சாக்கடை ஓரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்ற அந்த மனிதர்தான் உயரமாகத் தெரிகிறார்.

உங்களுக்கு ஒரு வேலை!

ஆசிரியர் என்றால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடுவேனா? உங்கள் வீடு இருப்பது எத்தனையாவது வார்டு? உங்கள் கவுன்சிலர் பெயர் என்ன? கிராமத்தில் இருந்தால், உங்கள் வார்டு உறுப்பினர் யார்? அப்பா அம்மாவிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கவனித்து எழுதுங்கள்.

உங்களுக்கு 18 வயதானால் ஓட்டுப் போடலாம். 21 வயதானால் நீங்களே கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாம். அதுவரை, தேர்தல் நாளன்று ஓட்டுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவையோ மாமாவையோ பார்த்தால், அந்தத் தரியாபூர் ஓட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

என் வகுப்பில் ஒரு ஓட்டில் ஜெயித்த அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்து, வகுப்புக் குடத்தைக் கழுவி, தண்ணீர் பிடித்து வைத்திருந்தான். அந்த வருடம் முழுக்க ஒருநாள்கூடக் குடம் காலியாக இருந்ததில்லை. அப்புறம் யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.